வட்டியில் வளர்ந்த பிள்ளைகள்

அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடைகளுக்குப் பேராசிரியர்களைத்தான் அழைப்பார்கள். நான் அஞ்சலகத்துச் சேமிப்புக் கவுன்டரில் உட்கார்ந்து, மற்றவர்களுடைய பணத்தை எண்ணி ஓய்வு பெற்றவள். அழைத்தபோதே தலைப்பையும் கொடுத்துவிட்டார்கள்: பெற்றோரிடம் கற்ற சிக்கனமும் மனநிறைவும். கல்யாணப் பத்திரிகையில் மணமகன் மணமகள் பெயரைப் போல இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. சிக்கனம் அம்மாவிடம் இருந்தது, மனநிறைவு அப்பாவிடம் இருந்தது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு முன்னால், எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய தாயாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அறக்கட்டளை என்பது என்ன? ஒரு தொகையை அசலாகப் போட்டுவிடுகிறோம். அசலைத் தொடுவதில்லை. வருகிற வட்டியில் ஆண்டுக்கு ஒரு கூட்டம், ஒரு பேச்சு, வந்தவர்களுக்கு ஒரு காபி. இதே ஏற்பாட்டில் எங்கள் ஊர்க்காரர் காமராஜரின் குடும்பமே சாப்பிட்டிருக்கிறது. காமராஜர் 1903 ஜூலை 15 அன்று பிறந்தபோது விருதுநகருக்கு விருதுபட்டி என்று பெயர். பையனுக்கு ஆறு வயது ஆகும்போது தகப்பனார் குமாரசாமி இறந்துபோனார். தாயார் சிவகாமி அம்மாள் காதில் கிடந்த தோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நகைகளை விற்றார். விற்ற பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவைத்தார். மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பம் நடந்தது.

வாழ்க்கை வரலாறுகளில் இந்தச் செய்தி மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தில் சுதந்திரப் போராட்டம் வந்துவிடும். கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு அந்த மூன்று வரியைத் தாண்டிப் போக மனசு வராது. அந்த அம்மாள் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். நகையை அடகு வைத்திருக்கலாம். வைத்தால் வட்டி நம் தலையில் ஏறும். வருமானம் இல்லாத வீட்டில் அடகு நகை மூழ்கத்தான் செய்யும். பீரோவில் பூட்டிவைத்துக் கஷ்டம் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக விற்றிருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான். முதலில் வளையல் போகும், பிறகு சங்கிலி போகும், நாலைந்து வருஷத்தில் வீடு அசலையே தின்று முடித்திருக்கும். சிவகாமி அம்மாள் ஒரேயடியாக விற்றார், ஒரே இடத்தில் போட்டார், வட்டியை மட்டும் தொட்டார். அந்த முடிவோடு மாதச் செலவுக்கு ஓர் உச்சவரம்பும் வந்துவிட்டது. வட்டி இவ்வளவுதான், அதற்குள்தான் அரிசி, அதற்குள்தான் எண்ணெய், அதற்குள்தான் காய்ச்சலுக்குக் கஷாயமும். ஆபத்தும் இல்லாமல் இல்லை. வங்கி வைப்புக்குக் காப்பீடு என்பது இந்தியாவில் 1962இல்தான் வந்தது. அன்றைக்கு ஒரு கைம்பெண்ணின் பணத்துக்குக் காப்பீடு அந்தக் கடைக்காரருடைய நாணயம் ஒன்றுதான்.

அந்த வீட்டுப் பையன் பார்த்தது என்ன? அம்மா உட்கார வைத்துச் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தேதியில் பணம் வருகிறது, அடுத்த தேதி வரைக்கும் வேறு பணம் கிடையாது. இதைத் தினமும் பார்த்தாலே போதும். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையும் அப்படிச் சிறுகச் சேர்த்து வளர்ந்ததுதான். வியாபாரிகள் கொடுத்த மகமையும் வீடு வீடாக எடுத்த பிடி அரிசியும் அந்தப் பள்ளிக்கு உரமாக இருந்தன. பெண்கள் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கை அள்ளித் தனியே கலயத்தில் போடுவார்கள். அது சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும். ஒரு பிடி குறைந்ததால் அந்த வேளைச் சோறு குறைந்ததாக யாருக்கும் தெரியாது. குறைந்தது யாருக்கு என்ற கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். ஆறாம் வகுப்போடு காமராஜர் படிப்பு நின்றது, மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். அந்தப் பையன் முதலமைச்சரானபோது பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1956இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஆரம்பத்தில் ஊர் மக்கள் கொடுத்த நெல்லும் பணமும் பெரிய பலம். ஊரே கை அள்ளிப் போட்டுப் பள்ளிக்கூடம் நடத்துவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஊரே சேர்ந்து பிள்ளைகளுக்குச் சோறு போடலாம் என்று தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பா ஒரு மிளகாய் வற்றல் கமிஷன் மண்டியில் கணக்கப்பிள்ளை. பகல் முழுக்க ஊரான் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதுவார். பேரேட்டில் அவர் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அதோடு சரி, கணக்கு என்ற பேச்சே கிடையாது. ஒன்றாம் தேதி சம்பளக் கவரை அம்மா கையில் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் அதிலிருந்து யாருக்காவது போயிருக்கும். மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சீருடை, எதிர்வீட்டுக்காரர் பிரசவச் செலவு, இப்படி. திரும்பி வருமா என்று அவர் கேட்டதே இல்லை. வேறு மண்டியில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. "இங்க என்ன குறை?" என்பார். எங்களுக்கெல்லாம் அப்பா ஒரு சித்தர் மாதிரி. ஊரிலும் அப்படித்தான் பேர். ஆசையில்லாத மனுசன் என்று சொல்லுவார்கள்.

அம்மாவுக்கு அப்படியெல்லாம் பேர் கிடையாது. 'கணக்குப் பார்க்கிற பொம்பளை' என்றுதான் தெருவில் சொல்லுவார்கள். காய்காரரிடம் அம்மா பேரம் பேச ஆரம்பித்தால் தம்பி வெட்கப்பட்டுக்கொண்டு திண்ணைக்கு ஓடிவிடுவான். சுவரில் தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கும். மண்டியில் ஓசியாகக் கொடுத்தது. காலையில் எழுந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிப்பார். கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைய கணக்குக்கு. 'து.பருப்பு அரைப்படி, ந.எண்ணெய் 100, கரியாப்பிலை ஓசி' என்று பென்சிலில் எழுதுவார். ஓசியில் வந்ததையும் எழுதுவார், அதுதான் விசேஷம். "ஓசின்னு எழுதலைன்னா நாளைக்கு அவுக வீட்டுக்கு என்ன கொடுக்கணும்னு எப்படித் தெரியும்?" என்பார். எழுதின தாளை அடுப்படிச் சுவரில் இருந்த கம்பிக் கொக்கியில் குத்திவைப்பார். மாதக் கடைசியில் மொத்தத்தையும் உருவிக் கூட்டிப் பார்ப்பார். கூட்டி முடித்ததும் தாள்கள் அடுப்புப் பற்றவைக்கப் போகும். எனக்குக் கூட்டல் கணக்கு வந்தது அந்தக் கொக்கித் தாள்களில்தான். பள்ளிக்கூட வாத்தியார் ரொம்பப் பிறகு வந்தவர்.

மத்தியானம் தீப்பெட்டி ஒட்டுவார். சாத்தூர், சிவகாசிப் பக்கம் வீட்டுக்கு வீடு நடந்த வேலை அது. ஏஜெண்ட் கட்டுக் கட்டாக அடிப்பெட்டிக்கும் மேல்பெட்டிக்கும் சாமான் போட்டுவிட்டுப் போவார். கிழங்கு மாவைக் காய்ச்சி, எலி கடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து பசை செய்வார். அந்த நீலப் பச்சை நிறம் அம்மா நகக்கண்ணில் எப்போதும் ஒட்டியிருக்கும். கூலி குரோஸுக்கு இவ்வளவு என்று. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அந்தக் கூலி சம்பளக் கவருக்குள் சேராது. அரிசிப் பானையின் அடியில், பழைய துணியில் முடிந்த சிறுவாடாகப் போய்விடும். அதில்தான் எனக்கு டைப்ரைட்டிங் கட்டணம் கட்டினார், அதில்தான் தம்பியின் கண்ணாடி வந்தது. பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றக் கொடுத்த காசும் அந்த முடிச்சில் இருந்து வந்ததுதான். அப்பா பங்குக்கு அங்கே பொரிகடலை வாங்கிக் கொடுத்து, கூட்டத்தில் தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வாங்குவார். எங்களுக்கு அப்பாவைத்தான் அதிகம் பிடிக்கும்.

இதைச் சொல்லும்போது அப்பாவைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. அவர் தனக்கென்று ஒரு பீடி வாங்கியது கிடையாது. நாலு வேட்டி, நாலு சட்டை, அதற்கு மேல் தைத்ததில்லை. அவருடைய மனநிறைவு பாசாங்கு இல்லை, நிஜமானது. ஆனால் அந்த நிஜத்துக்கு அடியில் ஒருவர் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் அரிசி இருக்குமா என்று அப்பா நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அது அம்மா வேலை. கொடுத்தது திரும்பி வராவிட்டாலும் அவர் தூக்கம் கெடவில்லை, ஏனென்றால் இரண்டு குரோஸ் கூடுதலாக ஒட்டியவர் வேறு ஆள். ஒருவர் மனநிறைவோடு இருப்பதற்கு இன்னொருவர் சிக்கனமாக இருந்தார். நாங்கள் இரண்டையும் பார்த்தோம், இரண்டுக்கும் நடுவில் இருந்த கொடுக்கல் வாங்கலை மட்டும் பார்க்கவில்லை.

வள்ளுவர் இதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வரவுக்குத் தக்க செலவு செய்கிற மனைவியைப் பற்றி ஆறாம் அதிகாரம் வாழ்க்கைத் துணைநலத்தில் சொல்கிறார். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இதைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்லுவார்கள். ஆனால் வரவு செலவு பற்றி அவர் அழுத்தமாகப் பேசுகிற இடம் 48ஆம் அதிகாரம். வலியறிதல் என்று பெயர், அரசனுக்குச் சொன்னது. தன் வலியையும் பகைவன் வலியையும் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு, கடைசி நான்கு குறளில் வருமானம், செலவு, கொடை என்று இறங்குகிறார். வரவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, செலவு அதைவிட விரியாமல் இருக்கட்டும் என்கிறார். தன்னிடம் இருப்பதை அளக்காமல் ஊருக்கு உதவினால் செல்வம் சீக்கிரம் கரையும் என்றும் சொல்கிறார். இது மனைவிக்குச் சொன்னதில்லை, நாடாள்கிறவனுக்குச் சொன்னது. எங்கள் அப்பாவுக்குச் சொன்னது என்றும் வைத்துக்கொள்ளலாம். கொடுக்காதே என்று வள்ளுவர் சொல்லவில்லை, அளந்து கொடு என்கிறார். அந்த அளவுகோல் எங்கள் வீட்டில் அம்மா கையில் இருந்தது, கொடுத்த பேர் அப்பாவுக்குப் போனது.

சிக்கனத்துக்கென்றே ஒரு நாளும் உண்டு: இந்தியாவில் அக்டோபர் 30ஆம் தேதி உலக சிக்கன நாள். 1924இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் நடந்த சேமிப்பு வங்கிகள் மாநாட்டில் முடிவு செய்தது. உலகம் 31ஆம் தேதி கொண்டாடுகிறது, இந்திரா காந்தி 1984இல் அந்தத் தேதியில் கொல்லப்பட்ட பிறகு இங்கே ஒரு நாள் முன்னால் வைத்துக்கொள்கிறோம். அந்த நாளில் பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடக்கும், அஞ்சலகத்தில் இருந்து எங்களை நடுவராகக் கூப்பிடுவார்கள். எறும்பைப் பார், தேனீயைப் பார் என்று பிள்ளைகள் கை ஆட்டிப் பேசும். எறும்பு பாவம், எத்தனை வருஷமாக மேடை ஏறுகிறது. பரிசு வாங்கிய பிள்ளை கீழே இறங்கி அம்மாவிடம் ஐஸ்கிரீம் கேட்கும், அம்மா பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த வாரம் என்பார். அன்று அந்தப் பிள்ளைக்கு நடந்த பாடம் அந்தப் பர்ஸ் திறந்து மூடிய இடத்தில்தான் நடந்தது.

இனி, முன்பு விட்ட கேள்வி. ஒரு பிடி குறைந்தால் யார் தட்டில் குறைகிறது?

அப்துல் கலாம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் தன் தகப்பனாரைப் பற்றி எழுதும்போது, அவசியமில்லாத சுகங்களை ஒதுக்கியவர் என்கிறார். தாயாரைப் பற்றி எழுதும்போது, வீட்டு ஆட்களை எல்லாம் சேர்த்தாலும் அதைவிட அதிகமான வெளி ஆட்கள் தங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள் என்கிறார். ராமேஸ்வரத்தில் படகு வைத்துப் பிழைத்த குடும்பம் அது. சிக்கனம் என்ற பேரில் இலை போடுவது குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். கலாம் மேடைகளில் சொல்லிய இன்னொரு சம்பவம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலம், ரேஷன். அம்மா சப்பாத்தி போடப் போட இவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். சாப்பிட்டு எழுந்த பிறகு அண்ணன் தனியே அழைத்துச் சொன்னாராம்: அம்மா தன் பங்கையும் உனக்கே போட்டுவிட்டார். அந்த அண்ணனைத்தான் எனக்குப் பிடிக்கிறது. அம்மா சொல்லியிருக்க மாட்டார், கடைசி வரை சொல்லியிருக்க மாட்டார். பக்கத்தில் ஒருவன் கவனித்து வாய் திறந்ததால்தான் அந்தச் சின்னப் பையனுக்குக் கணக்குத் தெரிந்தது.

காமராஜரைப் பற்றிச் சொல்லும்போது 1975 அக்டோபர் 2 அன்று அவர் மறைந்தபோது கையில் இருந்தது 130 ரூபாய், சில சட்டை, செருப்பு, கொஞ்சம் புத்தகங்கள் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறோம். முதலமைச்சராக இருந்தபோது விருதுநகரில் இருந்த தாயாருக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பினார், பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சோடா கலர் வாங்கிக் கொடுக்கவாவது கொஞ்சம் கூட்டி அனுப்பக் கூடாதா என்று தாயார் கேட்டபோது மறுத்துவிட்டார் என்பார்கள். மேடையில் இதைச் சொன்னால் கைத்தட்டல் எழும். எனக்கு அந்த இடத்தில் கை தட்ட வருவதில்லை. பொதுப்பணத்தில் கை வைக்காத மகன், சரி. பதவியைக் காட்டி வீட்டுக்கு வசதி செய்துகொள்ளாத மகன், நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்தச் சிக்கனத்தின் செலவு யார் அடுப்படியில் எழுதப்பட்டது? நகையை விற்று வட்டியில் பிள்ளையை வளர்த்தவர், அந்தப் பிள்ளை நாடாளும்போதும் அளந்துதான் அடுப்பு மூட்டினார். அவருக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது சங்கடம். அந்தச் சங்கடத்தை நான் என் அம்மா முகத்தில் பார்த்திருக்கிறேன். மகன் உயர்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாயாருக்கு அந்த முப்பதோ நாற்பதோ ரூபாய் கிடைத்திருந்தால் அவர் உயரம் குறைந்திருக்காது என்பதிலும் சந்தேகம் இல்லை.

எங்கள் அம்மா எதைக் கேட்டாலும் "எனக்கெதுக்கு" என்பார். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால் எனக்கெதுக்கு. பஜ்ஜி கடைசி இரண்டு இருந்தால் எனக்கெதுக்கு. அம்மாவுக்கும் அப்பாவைப் போல ஆசை இல்லை போலிருக்கிறது என்றுதான் வீடு முழுக்க நம்பிக்கொண்டிருந்தோம். எனக்கு வேலை கிடைத்து, தம்பியும் சம்பாதிக்க ஆரம்பித்து, கொக்கித் தாளில் வரவு செலவைத் தாண்டிய பிறகு ஒரு நாள் அம்மாவே ஒரு பட்டியல் சொன்னார். அரக்குக் கலரில் கட்டம் போட்ட பட்டுச் சேலை, பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் மதினி ஒருத்தி கட்டியிருந்தாளாம், பார்டர் எத்தனை விரல் அகலம் என்பது வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தார். சிக்கரி கலக்காத காபித்தூள். திருச்செந்தூரில் ஒரு ராத்திரி தங்க வேண்டும், அன்றே திரும்பக் கூடாது. இரண்டு பக்கமும் ஓடுகிற ஃபேன். சொல்லிக்கொண்டே போனார், அப்பா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தனை நாளா சொல்லவே இல்லையே" என்றார். "சொன்னா நீங்க வாங்கியிருப்பீக, அப்புறம் மாசக் கடைசிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் அம்மா. ஆசை இல்லாத மனுசி என்று நாங்கள் நினைத்தவர் இத்தனை காலமும் ஆசைகளை வரவு வைத்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். சேலை எடுத்தோம். பார்டர் சரியில்லை என்று கடையில் மாற்றச் சொன்னார், இரண்டு முறை.

அப்படி வரவு வைத்தவர்களை மொத்தமாகப் பார்த்தது 2016 நவம்பரில். 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. 10ஆம் தேதி முதல் வங்கிகளிலும் அஞ்சலகங்களிலும் மாற்றிக்கொள்ளலாம்; ஆளுக்கு முதலில் 4,000 ரூபாய், பிறகு 4,500, பிறகு 2,000 என்று மாறி, 24ஆம் தேதியோடு அதுவும் நின்றது. பொழுது விடியும் முன்பே வரிசை நிற்கும். வரிசையில் பெண்கள் அதிகம். எட்டாக மடித்த நோட்டு, மஞ்சள் வாசம் அடிக்கிற நோட்டு, பிரித்தால் மடிப்பு வழியாகக் கிழிகிற நோட்டு. மிளகாய்ப் பொடி டப்பாவில் வைத்திருந்த நோட்டை எண்ணி எண்ணி எனக்குத் தும்மல். பெண்களின் சேமிப்பு இரண்டரை லட்சம் வரை கணக்கில் போட்டால் கேள்வி கிடையாது என்று அரசு சொன்னது. அவர்களுக்கு வரி அதிகாரி கேள்வியைப் பற்றிக் கவலையே இல்லை. வீட்டுக்காரர் கேள்விதான். ஒரு அக்கா கணக்கு தொடங்கும் படிவத்தை நிரப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குக் கடிதாசி எதுவும் வராதே?" என்றார். இன்னொருத்தர் கணவரோடு வந்தார். அவர் நோட்டை எண்ண எண்ண, அந்த மனிதர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. கோபம் என்றும் சொல்ல முடியாது, பெருமை என்றும் சொல்ல முடியாது. தன் வீட்டை யார் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

அந்தப் பணத்தில் பெரும்பகுதிக்கு அதுவரை வட்டி கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். டப்பாவில் கிடக்கும் பணம் தேயும். 1988இல் கிசான் விகாஸ் பத்திரம் என்ற அஞ்சலகச் சேமிப்புத் திட்டம் வந்தபோது ஐந்தரை வருஷத்தில், அதாவது 66 மாதத்தில், போட்டது இரட்டிப்பாகும். இடையில் 2011இல் நிறுத்தி 2014இல் மறுபடி கொண்டுவந்தார்கள். 2023 ஏப்ரல் முதல் இரட்டிப்பாக 115 மாதம். தனியாரை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. தொண்ணூறுகளில் கூடுதல் வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து, தமிழ்நாடு அரசு 1997இல் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதில் போனதும் இந்த டப்பாப் பணம்தான். ஆகவே மாணவிகளே, அம்மாவிடம் சிக்கனம் கற்றுக்கொள்ளுங்கள், ஒளித்து வைப்பதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் பெயரில் கணக்கு, உங்கள் கையெழுத்து, உங்களுக்குத் தெரிந்த வாரிசுதாரர் பெயர். 1972இல் தொடங்கிய மகளிர் முகவர் திட்டத்தில் எத்தனையோ பெண்கள் வீடு வீடாகப் போய் மாதாந்திரச் சேமிப்பு வசூலித்து எங்களிடம் கட்டினார்கள். ஐந்து வருஷம் முடிந்து முதிர்வுத் தொகையை வாங்குகிறபோது, கணக்கு வைத்திருந்த பெண்ணைவிட வசூலித்த பெண்ணுக்குத்தான் சந்தோஷம் அதிகமாக இருக்கும்.

பெற்றோரைப் பார்த்துக் கற்பது என்கிறோமே, இன்றைக்குப் பிள்ளைகள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இது எனக்குப் பெரிய கவலை. சம்பளக் கவர் இருந்த காலத்தில் பணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்றாம் தேதி கனமாக இருந்த டப்பா இருபதாம் தேதி லேசாக இருப்பதைப் பிள்ளை தூக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளும். இப்போது அப்பா செல்போனை நீட்டுகிறார், கடைக்காரர் பெட்டி பணம் வந்துவிட்டது என்று கத்துகிறது. முதல் தேதியும் அதே சத்தம், முப்பதாம் தேதியும் அதே சத்தம். இன்றைய பெற்றோர் சேமிப்பதில்லை என்று நான் சொல்லமாட்டேன். என் மகனும் மருமகளும் நான் சேர்த்ததைவிட அதிகமாகவே சேர்க்கிறார்கள். ஆனால் அது மாதப் பிறப்பில் தானாகவே கணக்கில் இருந்து கழிந்து போய்விடுகிறது, பிள்ளைகள் கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படுவது வாசலில் வந்து இறங்கும் பார்சல் மட்டும். சேமிப்பு மறைந்துகொண்டது, செலவு மணி அடித்துக்கொண்டு வருகிறது. ஒரு பொருளைப் பார்த்து, விரும்பி, விலை கேட்டு, வைத்துவிட்டு வரும் அம்மாவை இந்தப் பிள்ளைகள் எங்கே பார்ப்பார்கள்?

தம்பியையும் என்னையும் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரே வீட்டில், ஒரே கொக்கித் தாளைப் பார்த்து வளர்ந்தோம். அவன் அம்மாவைக் கற்றுக்கொண்டான், ஆனால் 'ஓசி' என்று எழுதின பகுதியை விட்டுவிட்டான். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் காபி போடுவதற்கு முன்னால் ஒரு யோசனை ஓடும் அவன் முகத்தில். நான் அப்பாவைக் கற்றுக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, அரிசி யார் பார்த்துக்கொள்வது என்று திரும்பிப் பார்த்தால், அந்த இடத்தில் என் கணவர் நின்றார். நல்ல மனிதர், மாதக் கடைசிகளில் கொஞ்சம் முணுமுணுப்பார். தம்பிக்கும் எனக்கும் இதில் இன்றுவரை சண்டை தீரவில்லை.

நேரம் ஆகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், அதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் செலவுக்கான பணத்தை ஏடிஎம்மில் எடுத்து வந்து, கூடத்தில் பாய் விரித்து அதன் மேல் வைத்துப் பிரிப்போம். பால், அரிசி, பள்ளிக்கூட வேன், மருந்து, வந்துபோகிறவர்களுக்கு, கேட்டு வருகிறவர்களுக்கு என்று தனித்தனிக் கட்டு. பேரன் ஏழாம் வகுப்பு. முதலில் அவனுக்கு இது ஒரே போர். "போன்லயே பார்க்கலாமே பாட்டி" என்பான். போன மாதம் பால் கணக்கில் இரண்டு நாள் கூடுதலாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தான், அதில் இருந்து கொஞ்சம் உற்சாகம். இந்த மாதம் பட்டியலை மேலிருந்து கீழே படித்துவிட்டு, "இதுல அம்மாவுக்குன்னு ஒண்ணுமே இல்லையே?" என்றான். மருமகள் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கி, மருந்துக்குக் கீழே தன் பெயரை எழுதி, எதிரில் 500 என்று போட்டு, பாயில் இருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் மாட்டினி முடிந்து வந்தபோது எங்களுக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட் பாப்கார்ன் வாங்கி வந்திருந்தாள். படம் சுமார்தான் என்றாள்.